எந்த மாத்திரை யாருக்குக் 'கேட்கும்'? கல்வராயன் மலைக்குத் தேவை புதிய ஆப் அல்ல, ஒரு நோட்டு

"இந்த மாத்திரை கேக்கல டாக்டர், வேற எழுதிக் கொடுங்க."

ஓ.பி. வரிசையில் தினமும் காதில் விழும் பேச்சு இது. காய்ச்சல் மாத்திரை என்றால் கேட்டதா இல்லையா என்று இரண்டு நாளில் தெரிந்துவிடும். மனநல மாத்திரை அப்படியல்ல. அது வேலை செய்கிறதா என்று உறுதியாகச் சொல்லவே பெரும்பாலும் நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதற்குள் எடை கூடலாம், கை நடுங்கலாம், பகலிலும் தூக்கம் அழுத்தலாம். பலர் அந்த இடைவெளியிலேயே மாத்திரையை விட்டுவிடுகிறார்கள்.

கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்கு அப்பால் ஒரு சிற்றூர் என்று வைத்துக்கொள்வோம். 24 வயது இளைஞர். யாரோ தன்னைப் பற்றிப் பேசுவதுபோல காதில் குரல்கள். இரவில் தூக்கம் இல்லை. மரவள்ளிக் காட்டுக்குப் போவதை நிறுத்திவிட்டார். முதலில் கோயிலும் மந்திரித்த கயிறும். பிறகு அக்கா வீட்டுக்காரர் துணைக்கு வர, பஸ் பிடித்து கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரி. மாத்திரை எழுதிக் கொடுக்கிறார்கள். குரல்கள் குறைகின்றன. ஆனால், "ஒரே தூக்கம் மாமா, மம்முட்டி புடிக்க முடியல" என்று மூன்றாவது வாரம் மாத்திரை நின்றுபோகிறது.

நான்கு மாதம் கழித்து அதே நிலைமை. திரும்பவும் பஸ். இந்த முறை வேறு மருத்துவர். "முன்னாடி என்ன மாத்திரை சாப்பிட்டீங்க?" என்று கேட்கிறார்.

"வெள்ளையா, சின்னதா ஒண்ணு சார்."

இது கற்பனைக் காட்சிதான். ஆனால் மனநல ஓ.பி.யில் உட்கார்ந்த எந்த மருத்துவருக்கும் இந்தப் பதில் புதிதல்ல. எந்த மருந்து, எத்தனை மில்லிகிராம், எத்தனை நாள், குரல்கள் எவ்வளவு குறைந்தன, எதனால் நிறுத்தினார் என்ற அத்தனை தகவலும் அந்த 'வெள்ளையா சின்னதா'வுக்குள் தொலைந்துவிடுகிறது. சிகிச்சை மறுபடியும் முதலிலிருந்து தொடங்குகிறது.

யாருக்கு எந்த மனநல மருந்து கேட்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிட உலகம் முழுக்க ஆராய்ச்சிகள் நடக்கின்றன. மரபணுப் பரிசோதனை, மூளை ஸ்கேன், செயற்கை நுண்ணறிவு எல்லாம் களத்தில் இருக்கின்றன. இதுவரை வந்த முடிவுகளைச் சேர்த்துப் பார்த்தால், இன்றைக்குக் கையில் இருக்கும் நம்பகமான தகவல் ரொம்பச் சாதாரணமானது: அந்த ஆளுக்கு முன்பு எது கேட்டது, எது கேட்கவில்லை என்பது. அதை எழுதி வைக்க ஒரு நோட்டு போதும். அந்த நோட்டு மலையில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

மருந்துகளை ஒப்பிட்டால் என்ன தெரிகிறது?

மனச்சோர்வுக்கான 21 மருந்துகளை ஒப்பிட்டு 2018இல் 'லான்செட்' இதழில் ஒரு பெரிய ஆய்வு வெளியானது. 522 பரிசோதனைகள், 1,16,477 நோயாளிகள். 21 மருந்துகளும் வெற்று மாத்திரையைவிட நன்றாக வேலை செய்தன. ஒன்றுக்கொன்று வித்தியாசம் அவ்வளவு பெரிதில்லை. பலன் பட்டியலில் முதலில் வந்தது புது மருந்து இல்லை. 1960களில் இருந்து புழக்கத்தில் உள்ள, விலை குறைந்த அமிட்ரிப்டிலின். அதற்காக எல்லோருக்கும் அதையே கொடுத்துவிட முடியாது. வாய் உலரும், தூக்கம் அழுத்தும். அளவுக்கு மீறி விழுங்கினால் இதயத்தைத் தாக்கும். தற்கொலை எண்ணம் உள்ளவர் வீட்டில் அதை மொத்தமாக வைத்திருப்பது ஆபத்து.

மனச்சிதைவுக்கான 32 மருந்துகளை இதேபோல ஒப்பிட்ட ஆய்வு 2019இல் வந்தது. 402 பரிசோதனைகள், 53,463 பேர். அதன் சாரம் இதுதான்: பலனில் உள்ள வித்தியாசம் படிப்படியானது, பக்கவிளைவில் உள்ள வித்தியாசம் பளிச்சென்று தெரிவது. ஒன்று எடையைக் கூட்டும், ஒன்று கை கால்களை இறுக்கும், இன்னொன்று மாதவிடாயைக் குழப்பும்.

அமெரிக்காவில் 1,493 பேரை வைத்து நடந்த 'கேட்டி' ஆய்வு 2005இல் இன்னொரு அதிர்ச்சியைக் கொடுத்தது. 18 மாதம் முடிவதற்குள் 74 சதவீதம் பேர் முதலில் கொடுத்த மருந்தை விட்டுவிட்டார்கள் அல்லது மாற்றிக்கொண்டார்கள். பெர்ஃபெனசின் என்ற பழைய, மலிவான மருந்து பெரும்பாலான புதிய மருந்துகளுக்குச் சமமாக நின்றது. கொஞ்சம் கூடுதல் நாள் தாக்குப்பிடித்தது ஓலான்சபின். ஆனால் எடையை அதிகம் கூட்டியதும் அதுவே.

ஆக, 'எது சிறந்த மாத்திரை' என்ற கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. 'இந்த ஆளால் எந்த மாத்திரையோடு வாழ முடியும்' என்று கேட்டால்தான் பதில் நெருங்கி வரும்.

'பெஸ்ட்' மருந்தும் பஸ் டிக்கெட்டும்

ஒரு விதிவிலக்கு உண்டு. இரண்டு மருந்துகள் கொடுத்தும் கேட்காத மனச்சிதைவுக்கு குளோசபின். 1988இல் வெளியான புகழ்பெற்ற ஆய்வில், மற்ற மருந்துகளுக்கு மசியாத நோயாளிகளில் 30 சதவீதம் பேருக்கு ஆறு வாரத்தில் குளோசபின் பலன் கொடுத்தது. ஒப்பீட்டு மருந்தில் அது வெறும் 4 சதவீதம்.

ஆனால் குளோசபின் சிலருக்கு ரத்தத்தின் வெள்ளை அணுக்களை அபாயமாகக் குறைத்துவிடும். அதனால் தொடக்க மாதங்களில் வாராவாரம் ரத்தப் பரிசோதனை என்பது நெடுநாள் நடைமுறை. கள்ளக்குறிச்சி டவுனில் இருப்பவருக்கு இது அரை நாள் வேலை. மலைக் கிராமத்திலிருந்து வருபவருக்கு ஒரு நாள் கூலியும், துணைக்கு வருபவரின் ஒரு நாள் கூலியும், பஸ் செலவும். அறிவியல் பட்டியலில் முதலிடத்தில் இருக்கும் மருந்து, மலையில் கடைசி இடத்துக்குப் போய்விடுகிறது.

லித்தியமும் இப்படித்தான். இருதுருவ மனநோய்க்கு அது அருமையான மருந்து. ஆனால் பலன் தரும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் நடுவே இடைவெளி குறைவு. ரத்தத்தில் அதன் அளவைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். தண்ணீர் குடிக்காமல் வெயிலில் நாள் முழுக்க வேலை செய்தாலோ, இரண்டு நாள் வயிற்றுப்போக்கு என்றாலோ அந்த அளவு ஏறிவிடும். அதே நோய்க்குக் கொடுக்கும் வால்ப்ரோயேட்டை கர்ப்பகாலத்தில் சாப்பிட்டால், பிறக்கும் குழந்தைகளில் சுமார் பத்தில் ஒன்றுக்குப் பிறவிக் குறைபாடு வரலாம். இளம் பெண்ணுக்கு எழுதும்போது கல்யாணம், குழந்தை பற்றிப் பேசாமல் அந்தச் சீட்டை எழுதவே கூடாது.

நோயாளி எங்கே வாழ்கிறார், என்ன வேலை செய்கிறார், எந்த வயதில் இருக்கிறார் என்பதும் மருந்தின் விளைவில் ஒரு பாகம். லண்டனிலோ நியூயார்க்கிலோ போட்ட பட்டியலில் அது இருக்காது.

ஆய்வில் இருந்தவர்கள் யார்?

சராசரிக்கு இன்னொரு சிக்கல். மருந்துப் பரிசோதனைகளில் பொதுவாக மதுவுக்கு அடிமையானவர்களையும், தற்கொலை எண்ணம் தீவிரமாக உள்ளவர்களையும், வேறு உடல்நோய்கள் உள்ளவர்களையும் சேர்ப்பதில்லை. நிஜ வாழ்க்கையில் ஓ.பி.க்கு வருபவர்களில் கணிசமானோர் இவர்கள்தான்.

கள்ளக்குறிச்சிக்கு இதை விளக்கத் தேவையில்லை. 2024 ஜூனில் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் 60க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. மது புழங்கும் இடத்தில் மனநல மருந்தின் கணக்கே மாறிவிடும். தூக்க மாத்திரையும் மதுவும் சேர்ந்தால் மூச்சு அடங்கும் அபாயம் உண்டு. குடியைத் திடீரென்று நிறுத்தும்போது வரும் நடுக்கத்தையும் குழப்பத்தையும் மனநோய் என்று தவறாக எடுத்துக்கொள்ளும் அபாயமும் உண்டு. "வாரத்துல எத்தனை நாள் குடிப்பீங்க?" என்று திட்டாமல் கேட்டு எழுதிக்கொள்ளாத மருத்துவரால் மருந்தின் பலனைக் கணிக்க முடியாது.

செயற்கை நுண்ணறிவு சொல்லிவிடாதா?

2016இல் அமெரிக்காவில் ஒரு முயற்சி நடந்தது. மனச்சோர்வு நோயாளிகளிடம் கேட்ட 25 தகவல்களை வைத்து, சிட்டலோப்ராம் என்ற மருந்தால் ஒருவர் முழுக்கக் குணமடைவாரா என்று கணினி கணித்தது. சுமார் 65 சதவீதம் சரி. பூவா தலையா போட்டுப் பார்ப்பதைவிட மேல், அவ்வளவுதான்.

அதே ஆய்வாளரின் குழு 2024 ஜனவரியில் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்ட முடிவு முக்கியமானது. மனச்சிதைவு மருந்துகளுக்கான ஐந்து பன்னாட்டுப் பரிசோதனைகளின் தரவை எடுத்துக்கொண்டார்கள். ஒரு பரிசோதனையின் தரவில் பழகிய கணினி, அதே பரிசோதனையின் நோயாளிகளை நன்றாகக் கணித்தது. வேறு பரிசோதனையின் நோயாளிகளைக் கொடுத்ததும் கணிப்பு குருட்டாம்போக்கு அளவுக்கு விழுந்துவிட்டது. நோயும் ஒன்று, மருந்து வகையும் ஒன்று, ஆட்கள் மட்டும் வேறு. பல பரிசோதனைகளின் தரவை ஒன்றாகச் சேர்த்துப் பழக்கியும் பெரிய பலன் இல்லை.

அந்த மென்பொருளைக் கல்வராயன் மலைக்குக் கொண்டுவந்தால் என்ன ஆகும்? மலையில் வாழும் மலையாளி பழங்குடியினர் (கேரளத்தவர் அல்லர், தமிழ் பேசும் மலைமக்கள்) அந்தத் தரவுகள் எதிலும் கணிசமாக இருக்க வாய்ப்பில்லை. தன்னைப் போன்றவர்களையே பார்த்திராத கணினியிடம் ஜோசியம் கேட்பதுபோலத்தான் ஆகும்.

மரபணுப் பரிசோதனை முழுக்க வீண் என்றும் சொல்ல முடியாது. கார்பமசெபின் மருந்தால் தோல் உரிந்து உயிருக்கே ஆபத்தாகும் ஒவ்வாமை யாருக்கு வரக்கூடும் என்பதை ஒரு குறிப்பிட்ட மரபணு வகை காட்டிக் கொடுக்கிறது. ஆசிய வம்சாவளியினருக்கு அந்தப் பரிசோதனையைச் செய்யும்படி அமெரிக்காவின் மருந்து ஒழுங்குமுறை அமைப்பு 2007இலேயே சொல்லிவிட்டது. ஆனால் அது ஆபத்தைத் தவிர்க்கும் பரிசோதனை. மனச்சோர்வுக்கு எந்த மாத்திரை கேட்கும் என்று சொல்லும் அளவுக்கு மரபணு அறிவியல் இன்னும் வளரவில்லை.

அதே மருந்து, ஆனால் அளந்து பார்த்தால்?

பெய்ஜிங்கில் 120 மனச்சோர்வு நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 2015இல் வெளியானது. இரண்டு குழுக்களுக்கும் ஒரே இரண்டு மருந்துகள்: பெராக்ஸிடின் அல்லது மிர்டாசபின். ஒரு குழுவில் மருத்துவர்கள் வழக்கம்போல, தங்கள் அனுபவத்தை வைத்து அளவை முடிவு செய்தார்கள். இன்னொரு குழுவில், ஒவ்வொரு முறை வரும்போதும் ஒரு சிறிய கேள்வித்தாள். அதில் கிடைக்கும் மதிப்பெண்ணையும் பக்கவிளைவையும் பார்த்து, எழுதி வைத்த விதிப்படி அளவைக் கூட்டினார்கள், குறைத்தார்கள்.

24 வாரம் கழித்து, வழக்கமான குழுவில் முழுக்கத் தேறியவர்கள் 28.8 சதவீதம். அளந்து பார்த்த குழுவில் 73.8 சதவீதம்.

சிறிய ஆய்வுதான், எல்லா இடத்திலும் இதே வித்தியாசம் வரும் என்று எதிர்பார்க்க முடியாது. ஆனால் மருந்தை மாற்றாமலேயே பலனை மாற்ற முடியும் என்பதை இது காட்டுகிறது. மேலும், முதல் இரண்டு வாரத்தில் கொஞ்சமும் முன்னேற்றம் இல்லாவிட்டால் அதே அளவில் அதே மருந்து பின்னாளில் கேட்கும் வாய்ப்பு குறைவு என்பது பல ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிந்த விஷயம். ஆக, கணிப்பு முதல் மாத்திரைக்கு முன்பு கிடைப்பதைவிட, முதல் மாத்திரைக்குப் பின்பு வரும் வாரங்களில்தான் நன்றாகக் கிடைக்கிறது. அந்த வாரங்களில் யாராவது பார்த்து எழுத வேண்டும்.

தமிழ்நாடு ஏற்கெனவே செய்து காட்டியது

சென்னையில் 1984இல் டாக்டர் சாரதா மேனன் தொடங்கிய 'ஸ்கார்ஃப்' நிறுவனத்தின் ஆய்வாளர்கள், முதன்முறை மனச்சிதைவு வந்த 90 பேரை 1980களின் தொடக்கத்திலிருந்து இருபது ஆண்டுகளுக்கும் மேல் பின்தொடர்ந்தார்கள். மருந்தைப் பற்றி நம் ஊர் ஆட்களிடமே நீண்டகாலம் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியும் என்பதற்கு அது சாட்சி.

தமிழ்நாடு, கோவா, மகாராஷ்டிரத்தின் சதாரா ஆகிய இடங்களில் 282 பேரிடம் நடந்த இன்னொரு ஆய்வு 2014இல் 'லான்செட்'டில் வெளிவந்தது. எல்லோருக்கும் மருத்துவமனை சிகிச்சை உண்டு. அதில் ஒரு பகுதியினருக்குக் கூடுதலாக, பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பணியாளர்கள் வீடு தேடிப் போனார்கள். மாத்திரை சாப்பிடுகிறாரா, வேலைக்குப் போகிறாரா, வீட்டில் எப்படி நடத்துகிறார்கள் என்று பார்த்தார்கள். ஓராண்டு முடிவில் அந்தக் குழுவில் அறிகுறிகளும் முடக்கமும் ஓரளவு அதிகமாகக் குறைந்தன. வித்தியாசம் மிதமானதுதான். ஆனால் சேவைகள் அரிதாக உள்ள கிராமப்புறங்களில் இதைத் தொடங்குவதே பொருத்தம் என்று ஆய்வாளர்கள் எழுதினார்கள். கல்வராயன் மலைக்கென்றே எழுதியதுபோல இருக்கிறது.

மலையில் என்ன செய்யலாம்?

கள்ளக்குறிச்சி 2019 நவம்பரில் தனி மாவட்டமானது. 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. கல்வராயன் மலைமக்களின் அடிப்படை வசதிகள் பற்றி 2024இல் சென்னை உயர் நீதிமன்றம் தாமாக முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. மலையைப் பற்றிப் பேசும் நேரம் இது. சாலை, பள்ளி, குடிநீர் பட்டியலில் மனநலமும் ஒரு வரியாக இடம்பெற வேண்டும்.

சட்டமும் பக்கபலமாக இருக்கிறது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், அத்தியாவசியப் பட்டியலில் உள்ள மருந்துகள் சமுதாய சுகாதார நிலையம் முதல் மேல்நிலை வரை எந்நேரமும் இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்கிறது. தன் மருத்துவப் பதிவைப் பெறும் உரிமையையும் அதே சட்டம் நோயாளிக்குக் கொடுக்கிறது. 'வெள்ளையா சின்னதா' என்ற பதில், அந்த உரிமை கைக்கு வந்து சேரவில்லை என்பதன் அடையாளம்.

இதற்கு ஆகும் செலவு பெரிதல்ல. நோயாளி கையில் ஒரு நோட்டு. மாதத்துக்கு ஒரு பக்கம். மாத்திரையின் பெயர், மில்லிகிராம், விட்டுப்போன நாட்கள், தூக்கம், வேலைக்குப் போன நாட்கள், எடை, நடுக்கம், குடி. மூன்று மாதத்துக்கு ஒருமுறை சர்க்கரைப் பரிசோதனை. 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பி.பி., சுகர் மாத்திரைகள் வீட்டுக்கே போகின்றன. கருவியும் ஆளும் வாசலுக்கு வருவது புதிதல்ல. மனநல மாத்திரை சாப்பிடுபவரின் நோட்டையும் அதே கை நிரப்பலாம். நிரம்பிய பக்கத்தைப் போனில் படம் எடுத்து மருத்துவக் கல்லூரியின் மனநலத் துறைக்கு அனுப்பினால், பல நேரங்களில் பஸ் பயணமே மிச்சம்.

"ஆஸ்பத்திரி கம்ப்யூட்டர்ல பதிவு இருக்குமே, நோட்டு எதுக்கு?" என்று கேட்கலாம். மலையிலிருந்து பிழைப்புக்காகக் கேரளத்துக்கும் கர்நாடகத்துக்கும் மாதக்கணக்கில் போகிறவர்கள் உண்டு. போன இடத்தில் மாத்திரை தீர்ந்தால், கள்ளக்குறிச்சிக் கம்ப்யூட்டர் அங்கே உதவாது. பையில் இருக்கும் நோட்டு உதவும்.

"நோட்டைப் பார்த்து ஊரெல்லாம் பைத்தியம்னு பேசுமே" என்ற பயம் இன்னும் நியாயமானது. அட்டையில் நோயின் பெயர் வேண்டாம். பி.பி., சுகர் நோட்டைப் போலவே அதுவும் இருக்கட்டும்.

நோட்டு மட்டும் எல்லாவற்றையும் தீர்க்காது. மருத்துவர் பற்றாக்குறை தீராது, ஸ்டாக் இல்லாத மாத்திரையை அது கொண்டுவராது, மருந்தோடு தேவைப்படும் ஆறுதலுக்கும் வேலைக்கும் அது மாற்றல்ல. ஆனால் நாளை அதிக மருத்துவர்கள் வந்தாலும், நல்ல மென்பொருளே வந்தாலும், அவர்களுக்கும் தேவைப்படும் முதல் பொருள் அதுதான். மலைமக்களின் தரவு இல்லாமல் மலைமக்களுக்கான கணிப்பு வராது. நோயாளியின் சம்மதத்தோடு சேரும் இந்தப் பக்கங்கள்தான் அந்தத் தரவு.

மாத்திரை சாப்பிடுபவரும் குடும்பமும் கேட்க வேண்டியவை

சென்னை ஐ.டி. அலுவலகத்தில் இருப்பவருக்கும் வெள்ளிமலையில் இருப்பவருக்கும் இவை பொதுவானவை.

1. இந்த மாத்திரையின் பெயர் என்ன, எத்தனை மில்லிகிராம்? (அட்டையைப் போனில் படம் எடுத்து வைப்பது சுலபம்.)

2. எது சரியானால் 'கேட்கிறது' என்று எடுத்துக்கொள்ளலாம்? தூக்கமா, பயமா, வேலைக்குத் திரும்புவதா?

3. எத்தனை வாரம் பொறுக்க வேண்டும்? அதற்குள் முன்னேற்றம் இல்லையென்றால் அடுத்த படி என்ன?

4. எந்தப் பக்கவிளைவு தானாகப் போய்விடும், எது வந்தால் உடனே ஓடிவர வேண்டும்?

5. எடை, சர்க்கரை, ரத்தம் எப்போது பார்க்க வேண்டும்?

பிடிக்கவில்லை என்று மாத்திரையைத் தானாக நிறுத்துவது கூடாது. சிலவற்றைத் திடீரென நிறுத்தினால் நோய் முன்னைவிடத் தீவிரமாகத் திரும்பும். பக்கவிளைவு தாங்க முடியவில்லை என்றால் அதைச் சொல்வது நோயாளியின் குற்றமில்லை, மருத்துவருக்குக் கிடைக்கும் முக்கியமான தகவல். மருத்துவரை உடனே பார்க்க முடியாதபோது, 'டெலி மானஸ்' இலவச எண் 14416இல் எந்நேரமும் பேசலாம்.

அடுத்த முறை அந்த இளைஞர் கள்ளக்குறிச்சிக்கு வரும்போது, "முன்னாடி என்ன மாத்திரை?" என்ற கேள்விக்கு அவர் பதில் சொல்ல வேண்டியதில்லை. பையிலிருந்து நோட்டை எடுத்து நீட்டினால் போதும். மூன்றாவது வாரம் பகல் தூக்கம் என்று அதில் எழுதியிருந்தால், மருத்துவர் அளவைக் குறைக்கலாம், இரவுக்கு மாற்றலாம், வேறு மருந்துக்குப் போகலாம். எதைச் செய்தாலும், முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்காது.